பிடிக்காத வேலைக்குப் போகலாமா? முடிவெடுக்கும்போது நாம் செய்கிற தப்புகள்

போன வாரம் சித்தி மகன் மேலூரிலிருந்து போன் பண்ணினான். பி.காம் முடித்து ஒன்றரை வருஷமாக பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறான், இரண்டு தடவை மெயின்ஸில், அதாவது இரண்டாம் கட்டப் பரீட்சையில், போச்சு. இப்போது மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் 14,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள், காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதாகும். "அண்ணே, போகவா வேண்டாமா, துளிகூட இஷ்டமில்லை" என்றான். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. இந்த மாதிரி நேரத்தில் தப்பாகக் கணக்குப் போட்டவன் நான், அதனால் அந்தக் கணக்கை மட்டும் அவனோடு உட்கார்ந்து போட்டேன்.

முதல் தப்பு, வாயால் சொல்கிற சம்பளத்தை அப்படியே வைத்து முடிவெடுப்பது. 14,000-மும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,680 போகும், இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், அது 105. மிச்சம் 12,215. பஸ், டீ, மத்தியானச் சாப்பாடு என்று நாளுக்கு 100 ரூபாய் போட்டால் 26 நாளைக்கு 2,600, ஆக வீட்டுக்கு வருவது 9,615. (பெண்களுக்கு இலவசம் என்பதால் அவன் தங்கச்சிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, இவனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.) கடை சொன்னது 14,000, சித்தி மனசில் இருப்பதும் 14,000, ஆனால் மாசக் கடைசியில் சண்டை வரப்போவது என்னவோ இந்த 9,615-ஐ வைத்துத்தான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று இருக்கிறது. "எங்களிடம் பிடித்தமே கிடையாது தம்பி, முழுசாகக் கையில் கொடுத்துவிடுவோம்" என்று சொன்னால் சந்தோஷப்படுவது. பி.எஃப்.பில் நாம் போடுகிற அளவுக்கு முதலாளியும் போட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நம் பங்கு 0.75 என்றால் அவர் பங்கு 3.25. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு, நம்மை நம்பியிருக்கிற அப்பா அம்மாவையும் அதில் சேர்க்கலாம். சித்தப்பாவுக்கு மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்குகிற வீட்டில் இது சின்ன விஷயமா? பிடித்தம் செய்தும் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு, அதனால் அங்கே வேலை பார்க்கிற ஒருத்தரைப் பிடித்து, அரசாங்கத்தின் உமாங் ஆப்பில் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், "பிடிக்கவில்லை" என்பதைப் பிரித்துப் பார்க்காமல் விடுவது. எது பிடிக்கவில்லை? வேலையா, நேரமா, மேலே இருக்கிற ஆளா, இல்லை டிகிரி படித்துவிட்டு சேலை மடிக்கிறான் என்று ஊரில் பேசுவார்களே, அதுவா? தம்பிக்குக் கடைசிதான். அதை மட்டும் வைத்து வேண்டாம் என்றால் ஊர்க்காரர்கள் யாரும் அந்த 9,615-ஐக் கொண்டுவந்து தரப்போவதில்லை.

நான் செய்த தப்பு வேறு மாதிரி. குழுக்கடன் வசூல் வேலைக்குப் போனேன், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்கள். சேர்ந்த அன்றைக்கே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லா ஒரிஜினலையும் வாங்கி ஒரு பச்சை ஃபைலில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். எட்டு மாசம் கழித்து நல்ல வேலை ஒன்றுக்கு சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள், என்னிடம் இருந்தது ஜெராக்ஸ்தான், இரண்டு நாள் கெஞ்சியும் ஃபைல் வரவில்லை, அந்த வேலை போனது. ஒரிஜினலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுச் செக் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அதே வேலையில்தான் இன்னொன்றும் நடந்தது. மூன்று மாசம் பார்ப்போம் என்று போனவன், வசூலுக்கு அலைய வண்டி வேண்டுமே என்று தவணையில் பைக் எடுத்தேன். பெட்ரோல் படி பாதிச் செலவுக்குக்கூட வரவில்லை. சம்பளத்தில் பைக்குக்குப் போனது போக மிச்சத்தில் மாசம் ஓடியது, வேலையை விட நினைக்கும்போதெல்லாம் தவணைத் தேதி வந்து நின்றது. கடைசியில் ஒரு சாயங்காலம், தவணை கட்டாத ஒரு அம்மா வீட்டு வாசலில் பணம் வரும்வரை உட்காரச் சொன்னார்கள். அவர் உலையில் அரிசி போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வேலை என்றால் எவ்வளவு கஷ்டத்திலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து, நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

சும்மா இருப்பதற்குச் செலவே இல்லை என்று நினைப்பதும் தப்புதான். சித்தி மூன்று வட்டிக்கு 50,000 கடன் வாங்கியிருக்கிறார், மாசம் 1,500 வட்டி. சங்கிலி அடகில் இருக்கிறது. தம்பி வீட்டில் இருந்து படிக்கிற ஒவ்வொரு மாசத்துக்கும் இது ஏறிக்கொண்டே போகிறது. அதனால் "நல்ல வேலை கிடைக்கும்வரை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், அந்தக் கடனை அடைத்துச் சங்கிலியை மீட்கும்வரை என்று வைத்துக்கொள் என்றேன். ராத்திரி பத்தரைக்கு வீடு வந்து படிக்க முடியாது, காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் உனக்கு, அதை இப்போதே ஒத்துக்கொள் என்றும் சொன்னேன். முகம் சுருங்கியிருக்கும், போனில் தெரியவில்லை.

சேருவதற்கு முன்னால் இடத்தைப் போய்ப் பார்க்காமல் இருப்பது கடைசித் தப்பு. இன்டர்வியூ அன்றைக்குப் பார்த்தது கணக்கில் வராது. வாரநாளில் மத்தியானம் மூன்று மணிக்கு எதிர் டீக்கடையில் நில்லுங்கள். "ஆட்கள் தேவை" போர்டு வருஷம் பூராவும் தொங்குகிறதா என்று டீ மாஸ்டருக்குத் தெரியும், சம்பளம் எத்தனாம் தேதி வருகிறது என்பதும் தெரியும். இன்னொன்று, கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா என்று தம்பியை அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டுக் கூப்பிட்டான். "நாற்காலி இருக்குண்ணே, மேலே சேலைக் கட்டு அடுக்கி வச்சிருக்காங்க." ஒன்றாம் தேதியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தானாம்.