அறுகம்குடாக் கோப்பிச் சக்கை: கேட்டு வாங்கிக் கூட்டெரு போடும் விதம்

கடைக்காரர் கோப்பிச் சக்கையைச் சும்மா தருவாரா என்று கேட்கிறீர்களா? தருவார். அவருக்கு அது குப்பை. அவருக்குத் தலையிடி எதுவென்றால், வாளியை வைத்துவிட்டுப் போன ஆள் மூன்றாம் நாள் வராமல் விடுவதுதான். சக்கை பூசணம் பிடித்து, கொசு மொய்த்து, கடைப் பெடியன் அதை வெளியே கொட்டிக் கழுவ வேண்டி வந்தால் அடுத்து வருகிற ஆளுக்கும் சேர்த்துக் கதவு பூட்டு. கேட்டு வாங்குவது லேசு, தவறாமல் போய் எடுப்பதுதான் வேலை. முடியாது என்று பட்டால் தொடங்கவே வேண்டாம்.

நான் பொத்துவில் பக்கம் கோமாரி என்ற ஊரில் வீட்டு வளவுக்குள் கன்று போட்டு விற்கிறேன். கொச்சிக்காய், கத்தரி, தக்காளி, பப்பாசி, கறிவேப்பிலை. எங்கள் மண் கடற்கரை மணல். ஊற்றும் தண்ணீரும் போடும் பசளையும் நிற்காது, கீழே இறங்கிப் போய்விடும். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. அந்த வருடம் முடியுமுன்னே தடையை எடுத்தாலும், மறுவருடம் யூரியா விலை என்னைப் போல் சில்லறையாகத் தோட்டம் செய்கிறவர்களுக்கு எட்டவில்லை. அப்போது பிடித்ததுதான் இந்தக் கூட்டெரு வேலை.

சருகு எங்களுக்குப் பஞ்சமில்லை. பச்சைச் சாமான்தான் பஞ்சம், அதுவும் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் புல் பூண்டெல்லாம் கருகிப் போகும்போது. கோப்பிச் சக்கை நிறம் கறுப்பென்றாலும் எருவுக்கு அது பச்சைச் சாமான் கணக்குத்தான். ஆனால் அதே மாதங்களில்தான் அறுகம்குடாவில் அலை நல்லாக எழும்புகிறது, வெள்ளைக்காரர் நிறைகிறார்கள், அங்கே கடைகள் இருக்கும் உல்லை வீதி நெடுக எஸ்பிரெசோ மெசின்கள் விடியக்காலை தொட்டு ஓடுகின்றன. வைகாசி தொடங்கிச் சக்கை எடுத்துக் குவித்தால் ஐப்பசி மழைக்குக் கன்று நடும்போது எரு கையில் இருக்கும். இந்த இரண்டு சீசனும் இப்படிப் பொருந்துவதை உல்லையிலே இருக்கிறவர்களே கவனிப்பதில்லை.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு கோப்பைக்கு வடிக்கும் டபுள் ஷொட்டுக்கு, அதாவது இரட்டை அளவு எஸ்பிரெசோவுக்கு, சுமார் 18 கிராம் தூள் போகும். ஒரு நாளைக்கு 100 கோப்பை விற்கும் கடையில் ஈரத்தோடு சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் சக்கை வரும். ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு இப்படி ஒரு கடை போதும். இரண்டு கடை என்றால் உங்களுக்குச் சருகு தேட நேரம் காணாது.

கேட்கும் விதம்

காலையில் போய்க் கேட்காதீர்கள். கடலில் இறங்கியவர்கள் வெயில் ஏறக் கரைக்கு வந்து பசியோடு உட்காரும் நேரம் அது. மெசினில் நிற்கும் பெடியன் உங்களை நிமிர்ந்தும் பார்க்க மாட்டான். பகல் சாப்பாடு ஓய்ந்து, இரண்டரை மூன்று மணிவாக்கில் போங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும். முதலாளியிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உண்மையான ஒப்பந்தம் மெசின்காரனோடுதான். சக்கையைத் தட்டுகிறவன் அவன்.

நான் இப்போது எடுக்கும் கடையில் முதலாளிக் காக்காவோடு நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"காக்கா, இந்தக் கோப்பிச் சக்கைய என்ன செய்றீங்க?"

"என்ன செய்றது தங்கச்சி, குப்ப ட்ரெக்டருக்குப் போடுறதான்."

"எனக்குத் தாங்களன். வாளி நானே கொண்டாறன். ஒண்டவிட்ட ஒரு நாள் வந்து எடுப்பன்."

"எடுங்க. ஆனா மணம் வரப்படா."

மெசினில் நிற்பது மாத்தறைப் பக்கத்துத் தம்பி. எனக்கு வரும் அரைகுறைச் சிங்களத்தில் "மல்லி" (தம்பி) என்று கூப்பிட்டு, வாளிக்குள் எது போடலாம், எது கூடாது என்று கையால் காட்டிக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரர் நடத்தும் கடை என்றால் அங்கே வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் மூலம் கேளுங்கள், காரியம் சுருக்கமாக முடியும். காசு கொடுக்க வேண்டாம், அவர்களும் கேட்பதில்லை. நான் இடைக்கிடை ஒரு பை மின்சிக் கன்று கொண்டுபோய் வைப்பேன். தேசிக்காய் ஜூஸுக்கு அவர்களுக்கு மின்சி இலை எப்போதும் தேவை.

வாளி

இருபது லீற்றர் பெயின்ட் வாளி வேண்டாம். ஈரச் சக்கை நிரம்பினால் மேசைக்குக் கீழிருந்து இழுத்தெடுக்கவே ஒரு ஆள் வேண்டும். பத்து லீற்றர் வாளி இரண்டு எடுங்கள். வெறும் வாளியை வைத்துவிட்டு நிறைந்ததை எடுத்து வர வேண்டும், அங்கேயே கொட்டி மாற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. வாளிக்கு அடியில் பழைய பேப்பர் நாலு மடிப்பு விரித்தால் ஒழுகும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அந்தப் பேப்பரையும் அப்படியே எருவுக்குள் போடலாம். மூடியை இறுக்கி அடைக்காமல் மேலே வைத்தால் போதும். காற்றுப் போகாமல் அடைத்த சக்கைதான் புளித்து நாறும்.

மெசின் பக்கத்தில் குறுக்கே ஒரு தடி வைத்த சின்னப் பெட்டி இருக்கும். கோப்பி வடித்த பிறகு தூள் போட்ட பிடியை அந்தத் தடியில் ஒரு தட்டுத் தட்டினால் சக்கை வட்ட அப்பமாகக் கழன்று விழும். அந்தப் பெட்டியிலிருந்து நேரே உங்கள் வாளிக்கு வருகிற சக்கைதான் சுத்தமானது. கடையின் பொதுக் குப்பை வாளியில் இருந்து எடுத்தால் டிசு, ஸ்ட்ரோ, சீனிப் பைக்கற், பால் பெட்டி எல்லாம் சேர்ந்து வரும். பால்தான் கூடாத சாமான், நாற்றமும் புழுவும் அதால்தான். வடிகட்டிப் பேப்பர் வரலாம், உக்கிப்போகும். பெரிய ஹோட்டல்களின் அறைகளில் வைக்கும் கெப்சூல் கோப்பி வேண்டாம், ஒவ்வொன்றாக வெட்டி உள்ளே இருப்பதை எடுக்க மனுசருக்குப் பொறுமை இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சருகோடு கலந்துவிடுங்கள். அன்று முடியாவிட்டால் தறப்பாளில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டு உரப்பையில் கட்டி வைக்கலாம். கச்சான் வெயிலுக்கு ஒரு பகல் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் பூத்தால் பயமில்லை, ஆனால் காய்ந்த பூசணத் தூள் மூக்கில் ஏறாமல் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு கிளறுங்கள். நாய் வளர்க்கிறவர்கள் வாளியை உயரத்தில் வையுங்கள். சக்கையில் மிஞ்சும் கஃபீன் நாய்க்கு நஞ்சு.

குவியல்

சக்கை கறுத்து மண் போல இருப்பதால் அதை எரு என்று நினைத்துக் கன்றின் அடியில் நேரே கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டாதீர்கள். உக்காத சக்கை விதை முளைப்பதையும் இளம் வேர் ஓடுவதையும் மறிக்கும். தடிப்பாகப் போட்டால் மேலே காய்ந்து ஓடு போலாகி, ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பக்கத்தால் வழியும். சக்கையில் உலர்ந்த நிறைக்கு இரண்டு வீதமளவில் நைதரசன் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அது உக்கித்தான் பயிருக்குக் கிடைக்கும். கோப்பி புளிப்பு, மண்ணைக் கெடுக்கும் என்று ஒரு கதையும் உண்டு. வடித்த சக்கையில் புளிப்புப் பெரும்பாலும் கோப்பையோடு போய்விடும்.

என் அளவு இது: சக்கை ஒரு வாளி, சருகு மூன்று வாளி, மாட்டெருவோ கிளிசிறிடியா இலையோ வேறு பச்சையோ ஒரு வாளி. எல்லாம் வாளிக் கணக்குத்தான், நிறை பார்க்கத் தேவையில்லை. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை போகக் கூடாது. அது மாவு போல நுணுக்கமான சாமான், கூடினால் கட்டிபட்டுக் காற்று ஓடாது.

சருகில் எனக்குப் பிடித்தது கஜு இலை. கூட்டினால் கிடைக்கும், அளவாக உக்கும். மா இலை தடிப்பு, கத்தியால் கொத்திப் போட வேண்டும். வாழைச் சருகும் வைக்கோலும் நல்லது. கடற்கரைச் சவுக்குச் சருகு உக்கக் காலம் எடுக்கும், ஒரு பிடி போதும். உமியும் அப்படித்தான். தும்புத்தூள் ஈரம் பிடிக்க உதவும்.

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் வருகிற மாதிரிக் குவியுங்கள். அதிலும் சின்னக் குவியல் சூடேறாது. அடியில் மட்டைத் துண்டுகள் நாலைந்து குறுக்கே போட்டால் காற்று வரும். மேலே கிடுகால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் கச்சான் காற்று இரண்டு நாளில் குவியலை மொறுமொறுப்பாக்கிவிடும், மறுகா உள்ளே கறையான் குடியேறும். ஈரத்தின் பதம் பிட்டுக்குக் குழைத்த மா: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். கிணற்றுத் தண்ணீர் நல்ல உவராக இருந்தால் அதைக் கொட்டிக் கொட்டி நனைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எருவுக்குள்ளேயே நின்றுவிடும்.

இரண்டு மூன்று நாளில் நடுவில் கையை விட்டால் வைத்திருக்க முடியாத சூடு இருக்கும். இல்லையென்றால் ஒன்றில் ஈரம் காணாது, அல்லது பச்சை காணாது. மூத்திர நெடி அடித்தால் சக்கை கூடிவிட்டது, சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். கிழமைக்கொரு தரம், பிந்தினால் பத்து நாளைக்கொரு தரம், வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும்.

புரட்டுவதற்கு இன்னொரு காரணம் தென்னைக் கருவண்டு. அது முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதே இப்படி உக்கும் குவியலிலும் மாட்டெருவிலும்தான். விரல் தடிப்பில், வெள்ளையாக வளைந்து, மண்ணிறத் தலையோடு புழு கிடந்தால் அதுதான். புரட்டும்போது கோழிகளைத் திறந்துவிடுங்கள், மற்றதை அவை பார்த்துக்கொள்ளும். வளவுக்குள் தென்னை நிற்கும்போது எருக்குவியலைப் புரட்டாமல் விடுவது, அடுத்த வருடம் குருத்து வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்க வழி செய்வதுதான்.

வத்தகப்பழத் தோல், அன்னாசித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் கடைகளில் தாராளமாகத் தருவார்கள். எங்கள் பக்கம் அதை வாங்காதீர்கள். யானை வருகிற ஊர் இது. பழ வாடைக்கு வேலியைச் சரித்துக்கொண்டு வந்தால் குவியலோடு நிற்காது, வாழையையும் முடித்துவிட்டுத்தான் போகும். கோப்பிச் சக்கைக்காக யானை வந்து நான் கண்டதில்லை.

சூடு முழுக்க ஆறி, குவியல் பாதியாக இறங்கி, மழை விழுந்த மண் மணம் வந்தால் சரி. எங்கள் வெக்கைக்கு மூன்று மாதமளவில் அந்தப் பதம் வரும். அரிதட்டில் அரித்து, உக்காத காம்புகளை அடுத்த குவியலுக்குப் போடுங்கள். அடுப்புச் சாம்பல் சேர்க்க விரும்பினால் இப்போது சேருங்கள், உக்கும்போது போட்டால் நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். கன்றுப் பைக்கு எரு, மணல், தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலக்கிறேன். நிலத்தில் கொச்சிக்காய் நடும் குழிக்கு இரண்டு கைப்பிடி எரு போடுவேன். வயலுக்கு இதை நம்பி இறங்க வேண்டாம், அவ்வளவு சக்கைக்கு உல்லை முழுக்க விடிய விடியக் கோப்பி குடிக்க வேண்டும்.

ஐப்பசி பிறக்கும்போதே ஒவ்வொரு கடையாகப் பூட்டத் தொடங்குவார்கள். பூட்டும் திகதியை முன்கூட்டிக் கேட்டு வைத்து வாளிகளை எடுத்துவிடுங்கள், அடுத்த சீசனுக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். மாரி முழுக்கப் பொத்துவில் டவுனில் தேத்தண்ணிக் கடைகளின் தேயிலைச் சக்கை இருக்கிறது. நைதரசன் அதில் கோப்பியை விடக் கொஞ்சம் கூட. சாய வடியில் இருந்து கொட்டும் சக்கையைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள், பால் கலந்த மண்டி வேண்டாம். தேயிலைப் பைகளில் சிலது உக்காத நாரால் செய்தது, கிழித்துத் தூளை மட்டும் எடுங்கள். அளவும் கலவையும் அதேதான், ஆனால் மழை நேரத்தில் கிடுகுக்கு மேல் தறப்பாளையும் போட்டு நாலு பக்கமும் கல் வையுங்கள்.