ஏரியில் பாக்டீரியாவை வாங்கி ஊற்றாதீர்கள்

லீவு விட்டால் போதும், சென்னையின் ரெட்டேரிக்கும் மாதவரம் ஏரிக்கும் தண்ணீர் சோதனைப் பெட்டியோடு புதுப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். பாட்டிலைக் கழுவாமல் எடுப்பது, லேபிள் ஒட்ட மறப்பதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். மற்ற தவறுகள்தான் வருஷா வருஷம் தொடர்கின்றன.

உச்சி வெயிலில் ஆக்சிஜன் அளப்பது

பகலில் பாசி ஆக்சிஜனை அள்ளி விடும், அளவு கூடுதலாகக் காட்டும். விடிவதற்குள் அளந்துவிடுங்கள்.

டிரம் டிரம்மாகக் கரைசல்

மாதவரம் பக்கம் ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு வசூல் செய்து 'நல்ல பாக்டீரியா' கரைசலை வாங்கி ஏரியில் கொட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அழுக்கைத் தின்னுடும் சார்" என்றார் ஒருவர். தின்னும், சரி. தின்றது எங்கே போகும்?

சாக்கடை விழும் ஏரியில் பாக்டீரியாவுக்கா பஞ்சம்? சாக்கடையில் வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அதற்கு 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். நைட்ரஜன் இப்படித் தப்பித்துப் போகும். பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. அது சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும்; ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிட, பாஸ்பேட் மறுபடி தண்ணீருக்கு வந்துவிடும். இங்கிலாந்தின் எஸ்த்வெயிட் ஏரியில், ஆக்சிஜன் போனால் சேறு பாஸ்பேட்டை விடுகிறது என்று மார்ட்டிமர் என்ற ஆய்வாளர் 1941-லேயே எழுதிவிட்டார்.

ஆக, இங்கே தட்டுப்பாடு ஆக்சிஜனுக்குத்தான். கொட்டிய கரைசலிலோ வெல்லப்பாகு வேறு. அதைத் தின்னவும் ஆக்சிஜன்தான் செலவாகும். நாற்றம் கொஞ்ச நாள் அடங்கியது. அப்புறம் கரையோரமெல்லாம் பச்சைப் பெயிண்ட் கொட்டினாற்போல் பாசி. அந்தக் காசைச் சாக்கடை விழும் வாயை அடைக்கச் செலவழித்திருக்கலாம். இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையிலேயே குவிப்பது

அழுகி, மழையோடு திரும்ப ஏரிக்கே போகும். லாரியில் ஏற்றுங்கள்.

சேற்றைத் தொடாமல் திரும்புவது

ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் குத்தி எடுத்துப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்புத் தோல் இருந்தால் இரும்பு இன்னும் பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்க வாய்ப்புண்டு. மேலிருந்தே கன்னங்கறுப்பாய், அழுகிய முட்டை வாடையோடு வந்தால் சல்பேட்டில் வாழும் பாக்டீரியா வேலையைக் காட்டிவிட்டது: இரும்பைக் கந்தகம் கட்டிக்கொண்டது, பாஸ்பரஸைப் பிடிக்க அது மிச்சமில்லை.

நைட்ரேட்டை மட்டும் பார்ப்பது

நீலப்பச்சைப் பாசியும் பாக்டீரியாதான்; அதில் சில வகை காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். கனடாவின் 227-ஆம் எண் ஏரியில் சோதனைக்காக 1990 முதல் பாஸ்பரஸ் மட்டுமே போட்டார்கள், பாசி நின்றபாடில்லை. பாஸ்பேட் கிட் விலை கொஞ்சம் கூடத்தான், வாங்கிவிடுங்கள்.