திடீர் இழப்புக்குப் பிறகு: முதலில் பயம், பிறகு துக்கம்

விபத்திலோ வன்முறையிலோ பேரிடரிலோ ஒருவரைப் பறிகொடுத்தவரிடம் இரண்டு வேதனைகள் பின்னிக் கிடக்கும். ஒன்று அதிர்ச்சி: அந்தக் காட்சியும் சத்தமும் திரும்பத் திரும்ப வரும், உடம்பு பதறும். மற்றது அந்த ஆளுக்கான ஏக்கம். இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பயம் அடங்குவதற்குள் நினைவுகளைக் கிளறினால், வாழ்ந்த முகம் வராது. இறந்த விதம்தான் வந்து நிற்கும்.

அதனால் முதல் சில வாரங்களுக்கு உடம்பைக் கவனியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, பசிக்காவிட்டாலும் வேளைக்குக் கொஞ்சம் சாப்பிடுவது, பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடப்பது. இவ்வளவு போதும். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் வேறெங்காவது உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போகலாம். இல்லையென்றால் படுக்கை என்பதே விழித்துக் கிடக்கும் இடமாக மனதில் பதிந்துவிடும். மது சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். அடுத்தவர் நீட்டும் தூக்க மாத்திரையும் வேண்டாம். வேறு மனநோய் இல்லாதவருக்கு இழப்புத் துயருக்காக மட்டும் பென்சோடயசபைன் வகை (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும்) மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல்.

காட்சி மீண்டும் வரும்போது கண்ணை மூடாதீர்கள். மூடினால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். பிறகு 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம். பலர் இதில் மூச்சை ஆழமாக, வேகமாக இழுத்துவிடுகிறார்கள். அப்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். மெதுவாக இழுத்தால் போதும், ஆழம் வேண்டாம். மனம் அமைதியாக இருக்கும்போதே தினம் இருமுறை பழகாவிட்டால், தேவைப்படும் நேரத்தில் இது கைகொடுக்காது.

"எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடு" என்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் சம்பவம் நடந்த கையோடு உட்காரவைத்து விவரமாகச் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வுகள் பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தானாகப் பேச வந்தால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

பதற்றம் தணியத் தொடங்கியதும் துக்கத்துக்கு இடம் கொடுக்கலாம். 1999இல் துக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபே, ஷூட் இருவரும் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும்: மனம் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறிமாறிப் போய்வர வேண்டும். ஒரே பக்கம் தங்கிவிட்டால்தான் சிக்கல். ஆகவே தினம் 20 நிமிடம் ஒதுக்கி, புகைப்படம் பாருங்கள், எழுதுங்கள், அழுங்கள். பிறகு பாத்திரம் கழுவுவது போன்ற கைவேலை ஒன்றைச் செய்யுங்கள். படுக்கும் நேரத்தில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் சிரிப்பு வந்தால் அது துரோகம் ஆகாது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிநிலைகளைத் தேடி உங்களை அளக்கவும் வேண்டாம். மனநல மருத்துவர் கூப்லர்-ராஸ் 1969இல் அவற்றைச் சொன்னது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி.

சம்பவத்தை நினைவுபடுத்துவதால் நீங்கள் தவிர்க்கும் சாலை, வாகனம், அறை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிடுங்கள். இப்போது உண்மையில் ஆபத்தில்லாதவை மட்டும் பட்டியலில் இருக்கட்டும். 30 அளவில் உள்ளதில் தொடங்கி, பயம் பாதியாகும் வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் ஓடிவந்தால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் கடினம்.

இறந்தவரின் பொருள்களை முதல் மாதங்களில் யாரும் அவசரமாக அப்புறப்படுத்த வேண்டாம். முடிவெடுக்க முடியாதவற்றைப் பெட்டியில் போட்டு மூடிவையுங்கள்.

காட்சிகளும் திடுக்கிடலும் ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் அதிர்ச்சிக்கென்றே உள்ள மனநல சிகிச்சையைத் தேடுங்கள். ஏக்கம் குறையாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், 6 மாதத்துக்குப் பிறகு அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்கு 12 மாதம் வைக்கிறது. நெஞ்சு வலி வந்தால் துக்கம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "நானும் போயிருக்கலாம்" என்ற நினைப்பு பலருக்கு வந்து போகும். அதற்கான வழியை மனம் யோசிக்கத் தொடங்கினால் தனியாக இருக்காதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அன்றே அவரையும் அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லுங்கள்.