மரவேலை அறைக்கு எல்இடி விளக்கு: வாங்கும்போதும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

கார் ஷெட்டிலோ மொட்டை மாடிக் கொட்டகையிலோ மரவேலை செய்பவர்கள் ரம்பத்துக்கும் உளிக்கும் மாதக்கணக்கில் யோசித்துச் செலவு செய்கிறார்கள். விளக்கு என்று வந்தால் மட்டும், எலக்ட்ரிக்கல் கடையில் போய் "நல்லா பளிச்சுன்னு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி நடு உத்தரத்தில் மாட்டிவிடுகிறார்கள். பென்சில் கோடு இரண்டாகத் தெரிவது, பாலிஷ் போட்ட பிறகுதான் கீறல் கண்ணில் படுவது, மேஜையின் நிறம் ஹாலுக்குப் போனதும் மாறிப்போவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. மரவேலைக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், சரி. ஆனால் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது, துடிக்காமல் நிற்கிறதா, மரத்தின் நிறத்தை உள்ளபடி காட்டுகிறதா என்பவையும் அதே அளவு முக்கியம்.

வாட்டைப் பார்த்து வாங்குவது

வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமன். டியூப்லைட்போல நீளமான எல்இடி விளக்கைப் பேட்டன் என்பார்கள். ஒரே 20 வாட்டில் ஒரு பேட்டன் 2000 லூமன் தரும், இன்னொன்று 1600 தரும். பெட்டியில் லூமன் அச்சிடப்படாத விளக்கை நான் வாங்கவே மாட்டேன்.

வேலை செய்யும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமன் விழுகிறது என்பதுதான் லக்ஸ். பணியிட வெளிச்சத்துக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12464-1, பெஞ்சில் இணைப்பது, ஒட்டுவது போன்றவற்றுக்கு 300 லக்ஸ், மரவேலை இயந்திரங்களுக்கு 500, பாலிஷுக்கும் நுண்வேலைக்கும் 750 என்று வைத்திருக்கிறது. வீட்டில் ஒரே இடத்தில் எல்லாம் நடப்பதால், அறை முழுக்க 500 என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

10 அடிக்கு 15 அடி ஷெட் என்றால் ஏறக்குறைய 14 சதுர மீட்டர். 14-ஐ 500-ஆல் பெருக்கினால் 7000 லூமன். இதோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சம் முழுதும் பெஞ்சுக்கு வந்து சேராது. சுவர் கொஞ்சம் விழுங்கும், தூசி கொஞ்சம் மறைக்கும், விளக்கும் வருடங்கள் போகப்போக மங்கும். அதனால் பாதிதான் வந்து சேரும் என்று வைத்துக்கொண்டு 14,000 லூமனுக்குத் திட்டமிட வேண்டும். 2000 லூமன் தரும் 4 அடி பேட்டன் ஏழு. மொத்தம் 140 வாட். ஏழு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

பாதி வந்து சேரும் என்பதும் வெள்ளைச் சுவருக்குத்தான். பூசாத சிமென்ட் சுவர், மேலே சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அந்தப் பாதியும் கிடைக்காது. எட்டாவது விளக்கு வாங்கும் முன்னால் சுவருக்கும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளையடித்துப் பாருங்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சம் நிழல்களையும் மென்மையாக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. ஓய்வுபெற்ற பிறகு உளியைக் கையில் எடுப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஒரே பெரிய விளக்கு, அதுவும் நடுவில்

50 வாட் ஃப்ளட் லைட் ஒன்றை நடுவில் தொங்கவிட்டால் அறைக்கு வேண்டிய வெளிச்சம் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பெஞ்சு சுவரோரம் இருக்கும். நீங்கள் சுவரைப் பார்த்து நிற்பீர்கள். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும். உங்கள் தலையும் தோளும் நீங்கள் கோடு போடும் இடத்தில்தான் நிழலாக விழும்.

பெஞ்சு 2 அடி அகலம் என்றால், சுவரிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளி, பெஞ்சின் நீளவாக்கில் பேட்டனை மாட்டுங்கள். அப்போது விளக்கு உங்கள் நெற்றிக்கு முன்னால் இருக்கும். மற்ற பேட்டன்களை அறையின் நீளவாக்கில் இரண்டு வரிசையாகப் பிரித்துவிடுங்கள். நீளமான விளக்குகள் பல இடங்களிலிருந்து வீசும்போது, ஒன்று போடும் நிழலை இன்னொன்று நிரப்பிவிடும். மூலைமட்டத்தை மரத்தில் வைத்து அதன் விளிம்போடு பென்சிலை இழுக்கும்போது இது புரியும். ஒற்றை விளக்கில் விளிம்பின் கருநிழலுக்குள் பென்சில் முனை காணாமல் போகும், கோடு அரை மில்லிமீட்டர் தள்ளி விழும். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்தும் ஒரு வெளிச்சம் வந்தால் இந்தத் தொல்லை இன்னும் குறையும்.

ஃப்ளட் லைட்டில் இன்னொரு சங்கடம், கண்கூச்சம். 9 அடி உயரக் கூரையில் அந்தச் சின்னப் புள்ளி நேராகக் கண்ணில் குத்தும். இரும்பு ஸ்கேலில் பட்டுத் தெறித்தால் மில்லிமீட்டர் கோடுகளே தெரியாது. ஸ்கேலைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கும். பால் நிற மூடி போட்ட நீளமான பேட்டன்தான் தாழ்ந்த கூரைக்கு ஏற்றது.

அப்புறம், சீலிங் ஃபேன். நம் ஊரில் ஃபேன் இல்லாமல் வேலை நடக்காது. ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகளின் நிழல் பெஞ்சு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் தலைவலி வரும். ஃபேன் சுற்றும் வட்டத்துக்கு வெளியே விளக்கை வையுங்கள். வழியில்லை என்றால் சுவர் ஃபேனுக்கு மாறிவிடுங்கள்.

துடிக்கும் விளக்கு

இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இது விரல் போகும் விஷயம்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுமின்சாரம். மலிவான எல்இடியில் இதைச் சமன்படுத்தும் டிரைவர் சரியாக இருக்காது. விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது, சாதாரணமாக எரிவதுபோலத்தான் இருக்கும். சுழலும் பொருள்மீது அந்த வெளிச்சம் விழும்போதுதான் ஆபத்து.

லேத்தில் ஒரு சதுரக் கட்டையை மாட்டி நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. விளக்கு ஒருமுறை பிரகாசித்து அடுத்த முறை பிரகாசிப்பதற்குள் கட்டை சரியாகக் கால் சுற்று திரும்பியிருக்கும். சதுரத்தைக் கால் சுற்று திருப்பினால் முன்பு இருந்ததுபோலவேதான் தெரியும். ஆக, முழு வேகத்தில் சுழலும் கட்டை அசையாமல் நிற்பதுபோல ஒரு உருவம் தெரியும். சாதாரண நான்கு துருவ மோட்டாரின் வேகமான 1440-இல், அது நொடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுவதாகத் தோன்றும். வட்ட ரம்பத்தின் பற்களும் இப்படியே மெல்ல நகர்வதுபோலக் காட்டும். காதில் சத்தம் தடுக்கும் இயர்மஃப் மாட்டியிருக்கிறீர்கள், பக்கத்தில் தூசி உறிஞ்சும் இயந்திரம் இரைகிறது; சத்தத்தை வைத்து எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அப்போது கண்ணும் பொய் சொன்னால் கை எங்கே போகும் என்பதை யோசித்துப் பாருங்கள். சோக்கு வைத்த பழைய டியூப்லைட் காலத்திலேயே இந்தப் பயம் இருந்தது. அதனால்தான் தொழிற்சாலைகளில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் இணைத்தார்கள். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பிரகாசிக்கும்.

சோதிப்பது எளிது. செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் படம் எடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது வெளிச்சம் துடித்தாலோ பட்டை பட்டையாக ஓடினாலோ அந்த விளக்கு வேண்டாம். போன் இல்லாமலும் பார்க்கலாம். இருட்டான பின்னணிக்கு முன்னால், அந்த ஒரு விளக்கு மட்டும் எரியும்போது, ஒரு வெள்ளைக் குச்சியை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். விசிறிபோலத் தொடர்ச்சியான மங்கல் தெரிந்தால் நல்லது. தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. கடையிலேயே எரியவிட்டுச் சோதித்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சோதியுங்கள்.

மரத்தின் நிறத்தை மாற்றிக் காட்டும் விளக்கு

வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதன் ஒளியில் நீலமும் மஞ்சளும் தாராளம், ஆழ்ந்த சிவப்பு குறைவு. தேக்கு, ஈட்டி, வேங்கை எல்லாவற்றின் அழகும் அந்தச் சிவப்பையும் பழுப்பையும் நம்பித்தான் இருக்கிறது.

சிஆர்ஐ என்ற எண் விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும். 100 முழு மதிப்பெண். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 80. இந்த எண், வெளிறிய எட்டு நிறங்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பான ஆர்9 அதில் சேராது. அதனால் 80 என்று போட்ட விளக்கில்கூட ஆர்9 சுழியை ஒட்டி இருக்கலாம். அப்படிப்பட்ட விளக்கில் ஈட்டிப் பலகையின் செம்பழுப்பு செத்துப்போய்ச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். ஆணி ஓட்டைக்குப் புட்டியில் நிறம் கலந்து அடைத்தால் இங்கே அச்சாகப் பொருந்தும், வெயிலில் எடுத்து வைத்தால் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். ஏழு பேட்டனையும் 90 சிஆர்ஐ-க்கு மாற்றக் காசு இடம் கொடுக்காவிட்டால், நிறம் பார்க்கும் பெஞ்சுக்கு மேலே இருக்கும் ஒன்றிரண்டையாவது அப்படி வாங்குங்கள்.

நிறவெப்பம், அதாவது வெள்ளை வெளிச்சத்தில் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பது, வேறு விஷயம். அதைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடக்கூட நீலச் சாயல் கூடும். 6500 கெல்வின் 'கூல் டேலைட்' நம் ஊரில் எல்லாரும் கேட்டு வாங்குவது. நீலச் சாயல் உள்ள அந்த வெளிச்சம் பளிச்சென்று தோன்றுவதால், அதில்தான் வெளிச்சம் அதிகம் என்ற நம்பிக்கை இருக்கிறது. மரவேலைக்கு 4000 முதல் 5000 கெல்வின் வரை வசதி. கோடு தெளிவாகத் தெரியும், மரமும் வெளிறாது. ஒரே அறையில் 3000, 4000, 6500 என்று கலந்து மாட்டுவது பெரிய தலைவலி. பலகையை இந்தப் பக்கம் வைத்தால் ஒரு நிறம், அந்தப் பக்கம் வைத்தால் வேறு நிறம்.

எந்த விளக்கு மாட்டினாலும் சரி, சாயம் கலக்கும்போது ஒரு துண்டுப் பலகையில் பூசி, அந்தச் சாமான் போய் உட்காரப்போகும் அறையில் இரவு ஒருமுறை, பகல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். புதிதாக இழைத்த தேக்கை நம்பி நிறம் முடிவு செய்யாதீர்கள். அதன் பச்சைச் சாயலும் திட்டுத்திட்டான கருமையும் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பொன்னிறமாகச் சில நாள் ஆகும்.

சாய்ந்த வெளிச்சத்துக்கு இடம் வைக்காதது

அறை முழுக்க நிழலில்லாமல் வெளிச்சம் செய்தாயிற்று. இப்போது புதுச் சிக்கல்: நிழலே இல்லாத வெளிச்சத்தில் மரத்தின் மேடு பள்ளம் தெரியாது. 80 எண் உப்புத்தாள் போட்ட கீறல்கள் 180 போட்ட பிறகும் உள்ளே ஒளிந்திருக்கும். பாலிஷ் ஏறியதும் குறுக்குக் கோடுகளாக மேலே வரும்.

இதற்கு நகர்த்தக்கூடிய ஒரு சின்ன விளக்கு தேவை. காந்த அடி வைத்த, கழுத்து வளையும் விளக்கு இருந்தால் உத்தமம். நல்ல எல்இடி டார்ச்சும் போதும். மேல் விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையின் ஓரத்தில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, வெளிச்சம் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்படி பிடியுங்கள். இழைப்புளியின் விளிம்பு விட்டுப்போன மெல்லிய வரப்பு, எதிர் நாரில் பிய்ந்த இடம், சுழல் சாண்டர் போட்ட, பன்றிவால்போலச் சுருண்ட கீறல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். துடைக்காமல் விட்ட பசையின் மெல்லிய படலமும் அங்கங்கே மினுங்கும். அதைச் சுரண்டாமல் விட்டால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு டார்ச்சை நாருக்குக் குறுக்கே திருப்பி இன்னொரு முறை பாருங்கள்; ஒரு திசையில் ஒளிந்தது மறு திசையில் அகப்படும். ஒவ்வொரு உப்புத்தாள் எண்ணுக்குப் பிறகும் இப்படிப் பார்ப்பவர்கள் பாலிஷ் கட்டத்தில் பின்வாங்க வேண்டியிருக்காது. இதே விளக்கை பேண்ட் சாவிலோ துளையிடும் இயந்திரத்திலோ ஒட்டிவைத்தால் வெட்டும் கோட்டுக்கு அருகிலேயே வெளிச்சம் கிடைக்கும்.

சூடு, தூசி, ஒயரிங்

எல்இடிச் சில்லு சுலபத்தில் சாகாது. முதலில் போவது டிரைவர்தான். அதற்குள் இருக்கும் கெபாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை வெயிலில் தகர ஷீட்டைத் தொட முடியாது. அதில் ஒட்டி மாட்டிய பேட்டன் என்ன பாடுபடும்? சங்கிலியிலோ கம்பியிலோ அரை அடி, முக்கால் அடி இறக்கித் தொங்கவிடுங்கள்.

மரத்தூள் விளக்கின் மேல் படிந்து வெளிச்சத்தையும் தின்னும், சூட்டையும் வெளியே போகவிடாது. தூசி புகாத ஐபி65 வகை பேட்டன் இதற்கென்றே இருக்கிறது. எதை வாங்கினாலும் மாதம் ஒருமுறை, ஸ்விட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பழைய டியூப்லைட் பட்டியிலேயே எல்இடி டியூபைச் செருக நினைத்தால், அந்த டியூப் எந்த இணைப்புக்கானது என்று பார்த்து, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிய பிறகே செருகுங்கள்.

கடைசியாக, விளக்கையும் இயந்திரத்தையும் ஒரே எம்சிபியில் (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் ஸ்விட்ச்) கொடுக்காதீர்கள். ஈரமான பலகையில் ரம்பம் திணறி எம்சிபி விழுந்தால் அறையும் இருட்டாகும். மோட்டார் நின்றாலும் ரம்பம் உடனே நிற்காது. பல நொடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், உங்கள் கை அதன் பக்கத்திலேயே இருக்கும். கரண்ட் போனாலும் இதே நிலைதான். அதனால் விளக்குகளுக்குத் தனி இணைப்பு கொடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இயந்திரத்துக்கு நேர் மேலே உள்ள பேட்டன் ஒன்றை அதில் சேர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியோடு வரும் எமர்ஜென்சி பல்பு ஒன்றை அங்கே மாட்டலாம்.