சுரங்கத்துக்கு முன் ஓடையை அளக்கும்போது: சேலம் பகுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலை உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட், சூரமங்கலம் பக்கம் வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட், கஞ்சமலையில் இரும்புத்தாது. இப்படிப்பட்ட இடங்களில் புதிதாகச் சுரங்கம் வரப்போகிறது என்றால், அங்குள்ள ஓடை, ஏரி நீரைக் கணக்கிட்டு ஓர் அறிக்கை தயாராகும். அதை எழுதுகிறவர்களும், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதைக் கையில் வாங்குகிறவர்களும் சில தவறுகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, அளக்கும் காலம். மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் அளந்தால் போதும் என்பது சுரங்க ஆய்வுகளில் வழக்கம். அந்த ஆய்வுகளுக்கு வகுத்த நிபந்தனைகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'மழைக்குப் பிந்தைய பருவம்'. வட மாநிலங்களுக்கு அது சரி. நமக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழை! நவம்பரில் ஓடும் வெள்ளத்தை இயல்பான ஓட்டம் என்று எழுதினால், இல்லாத நீரை இருப்பதாகக் காட்டுகிறோம். சரி, மார்ச்சில் அளக்கலாம் என்றால், ஓடை காய்ந்து கிடக்கும். 'நீரோட்டம் இல்லை' என்று எழுதிவிட்டு அதன் மேலேயே கழிவுமண்ணைக் கொட்ட இடம் ஒதுக்கிவிடுவார்கள். சேலத்தில் தென்மேற்குப் பருவமழையும் கோடை இடிமழையும் உண்டு. ஆகவே ஒரு முழு ஆண்டாவது அளக்காமல் எதையும் சொல்லக்கூடாது.

மழைமானியிலும் கவனம் தேவை. ஏற்காட்டில் பெய்யும் மழை சேலம் நகரத்தைவிட மிக அதிகம். மலைமேல் பதிவான அளவை அடிவாரத்து நீர்ப்பிடிப்புக்குப் போட்டால் கணக்கு ஊதிப்போகும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 10 லட்சம் லிட்டர். அதனால் சிறு பிழைகூட பெரிய எண்ணாகிவிடும். அதிலும் ஓடைக்கு வந்து சேர்வது ஒரு பங்குதான்.

சராசரி ஆண்டை வைத்துத் திட்டமிடுவதும் ஆபத்து. 2016-இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. அப்படியொரு ஆண்டில் சுரங்கச் சாலைகளில் தூசி அடங்கத் தெளிக்க நீர் எங்கிருந்து வரும்? பக்கத்து ஊர்க் கிணறுகளிலிருந்து டேங்கரில்தான். வறட்சி ஆண்டின் கணக்கு தனியாக இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஊற்றுகள். சேர்வராயனில் பாக்சைட் மலையின் தலைப்பகுதியில், கெட்டியான பாறைக்கு மேலே இருக்கிறது. நுண்துளைகள் கொண்ட அந்த மேலடுக்கு மழையை உள்ளே வாங்கி, அப்புறம் மெல்ல மெல்லக் கீழே விடும். அதையே வெட்டி எடுக்கப்போகும்போது, 'எங்களுக்கு நீர்த்தேவை மிகக் குறைவு' என்று சுரங்க நிறுவனம் சொல்வது பதிலாகாது. சுரங்கம் எவ்வளவு குடிக்கும் என்பதைவிட, மலை எவ்வளவு சேமிக்காமல் போகும் என்பதே பெரிய கேள்வி. சரிவில் உள்ள ஊற்றுகளைக் கோடையில் அளப்பது கடினமும் அல்ல. ஒரு குடம் நிரம்ப எத்தனை நொடி என்று மாதாமாதம் குறித்தாலே போதும். பல அறிக்கைகளின் வரைபடத்தில் ஊற்றுகளே இருப்பதில்லை.

ஏரியில் நீர் நிற்பதைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். மேட்டூர் அணையின் உபரிநீரைச் சரபங்கா ஆற்று வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்த பிறகு, ஒரு ஏரி நிரம்பியிருந்தால் அது சொந்த நீர்ப்பிடிப்பின் மழையா, மேட்டூர்த் தண்ணீரா என்று விசாரிக்க வேண்டும். திருமணிமுத்தாறு மலையில் பிறக்கும்போது ஒரு தரம், சேலம் நகரத்தைக் கடந்த பின் சாக்கடை கலந்து வேறு தரம்; மாதிரி எடுத்த இடத்தைக் குறிப்பிடாத பரிசோதனை முடிவு பயனற்றது.

அடுத்தது உரிமை. ஓடையில் மிச்சமாகத் தெரியும் நீர் கீழே உள்ள ஏரியின் வரத்து. அந்த ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். வரத்து வாய்க்கால் எந்தப் புல எண்ணில் போகிறது, ஏரி நீர் பாயும் நிலமான ஆயக்கட்டு எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டு கலிங்கு போனது என்பதையெல்லாம் பாசன விவசாயிகளிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை ஊர்ப் பெயரோடு அறிக்கையில் சேர்க்க வேண்டும்.