பூஜையறைப் படத்தைக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு

ஓவியம் படிக்கும் மகளுக்குச் சென்னையைக் காட்டவென்று பத்து நாள் ஒதுக்கிக்கொண்டு மெல்பர்னிலிருந்து போனேன். அதில் நான்கு நாள் ஒரே ஒரு படத்துக்குப் போய்விட்டது.

மயிலாப்பூர் வீட்டுப் பூஜையறையில் இருந்த தஞ்சாவூர்க் கிருஷ்ணன். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பசையால் நகைகளைப் புடைக்க வைத்து, மேலே தங்க ரேக் பதித்த படம். தாத்தாவுக்கு அவருடைய அப்பா கொடுத்தது. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். "மாட்ட இடம் ஏதுப்பா, நீயே எடுத்துண்டு போ" என்றார் சித்தப்பா. "பெருமாளைக் கப்பல் ஏத்தப் போறியா?" என்று அத்தை அழுதார். இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்தேன். ஒருவழியாக அத்தையைச் சம்மதிக்க வைத்துப் பெட்டி செய்யக் கொடுத்தபோது, ஃபிரேம் போடுகிறவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது ரொம்பப் பழசு. வெளிநாடு போகாது."

அவர் சொன்னது சரி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த ஓவியமும் சிற்பமும் தொல்பொருள். தனியாள் அவற்றை நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. நம் வீட்டுச் சொத்து என்பதெல்லாம் அங்கே செல்லாது. நூறு ஆண்டுக்கு உட்பட்டது, ஆனால் பார்க்கப் பழசாக இருக்கிறது என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கிவிடுங்கள். கடையில் புதிதாக வாங்கினாலும் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

"புடவைக்குள்ள சுத்தி எடுத்துண்டு போயிடு, யார் பார்க்கப்போறா" என்றார் சித்தப்பா. முடியாது என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிப்போன நடராஜர் சிலை கான்பெராக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டிருந்து, 2014இல்தான் இந்தியா திரும்பியது. அந்தச் செய்தியை ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து வெட்கத்தோடு படித்தவன் நான். அதையே என் பெட்டியில் எப்படிச் செய்வேன்?

இந்த அலைச்சலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போய் நின்றோம். வெள்ளி விடுமுறை. மறுநாள் கிடைத்த ஒரு மணி நேரத்தையும் வெண்கலக் கூடத்துக்கே கொடுத்தோம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் ஒரு பக்க இடுப்பு வளைவைப் பார்த்து மகள் பென்சிலை எடுத்தாள். நீங்கள் அரை நாளாவது வையுங்கள்.

ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தையும் தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ராவையும் ஒரே நாளில் பார்க்கலாம். செவ்வாய் வேண்டாம், தட்சிணசித்ரா மூடியிருக்கும். சோழமண்டலம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தாங்களே நிலம் வாங்கி உருவாக்கிய ஓவியர் கிராமம். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் அங்கே பலர் ஓவியம் வரைந்தார்கள். மெரினாவுக்கு விடியற்காலையில் போங்கள். உழைப்பாளர் சிலையில் பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு பேரின் முதுகில் வெயில் ஏறும் நேரம் அது. செய்தவர் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

அண்ணா சாலையில் கையால் வரைந்த சினிமா பேனர்களைக் காட்டலாம் என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மாடி உயரத்துக்கு நின்றவை. ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே முடித்துவிட்டது. வரைந்தவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று அவள் கேட்டாள். அத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட விசாரித்ததில்லை.

படம் இப்போது அத்தை வீட்டில். ஈரம் ஏறாத சுவராகப் பார்த்து நானே ஆணி அடித்து மாட்டினேன். விளக்குப் புகை படாமல் கொஞ்சம் தள்ளி ஏற்றுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் அதற்குப் பூ வைக்கப்போகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று விமானத்தில் ஏறிய பிறகுதான் தோன்றியது.