தலையணையும் தண்ணீர்க் குடமும்

கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள். மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. கர்ப்பப்பையை அகற்றிவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது என் ஹீமோகுளோபின் 7.8. இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றி, 10.9 வந்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். முருங்கைக்கீரையே போதும் என்ற பெரியம்மாவிடம் வாதாடவில்லை, கீரையையும் தின்றேன்.

வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். தையல் வலியை மாத்திரை பார்த்துக்கொண்டது. என்னை அழவைத்தது இருமல். முதல் இருமலில் வயிறு பிளந்துவிட்டது என்றே நினைத்தேன். இரவுப் பணியிலிருந்த செவிலியர் சின்னத் தலையணை ஒன்றைத் தையல்மேல் வைத்து, "இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு இருமுங்கள், அக்கா" என்றார். வலி பாதியாகக் குறைந்தது. வீடு திரும்பும்போதும் அது மடியிலேயே இருந்தது. வழியில் 11 வேகத்தடைகள், எண்ணினேன்.

படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

அடுத்து மலச்சிக்கல். முக்கவும் பயம். மருத்துவர் தந்த மலமிளக்கி, பப்பாளி, தண்ணீர், வராந்தாவில் நடை. நான்காம் நாள் விடிவு பிறந்தது.

ஆறு வாரம் கனம் தூக்காதே என்றிருந்தார்கள். மூன்றாம் வாரம் உடம்பு தேறிவிட்ட மிதப்பில் அரைக்குடம் தூக்கினேன். மறுநாள் ரத்தக்கசிவு. ஓடிப்போய்க் காட்டினேன்; தையல் பிரியவில்லை, திட்டு மட்டும் கிடைத்தது.

இப்போது தண்ணீர் பிடிப்பவர் என் கணவர். பாதியைப் படியில் சிந்துகிறார். நான் பார்க்காததுபோல் இருந்துகொள்கிறேன்.